ஆய்விலிருந்து ஊராட்சித் தீர்மானம் வரை: பொது சுகாதார ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் பொது சுகாதார ஆய்வு மையங்களில் திட்ட உதவியாளராகவோ முனைவர் பட்ட மாணவராகவோ சேர்பவர்கள், நோய்ப்பரவலியலையும் புள்ளியியலையும் ஓரளவு கற்றுக்கொண்டே வருகிறார்கள். ஆனால் ஓர் ஊராட்சியின் குடிநீரைப் பற்றி ஆய்வு செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், கிடைத்த முடிவை யாரிடம் எந்த மாதத்தில் கொடுத்தால் அது தீர்மானமாகவும் பிறகு செலவாகவும் மாறும் என்பவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உள்ளாட்சியுடன் சேர்ந்து செய்யும் ஆய்வு, 'எந்த முடிவை, யார், எப்போது எடுக்கப்போகிறார்கள்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. வினாத்தாள், மாதிரி அளவு, பகுப்பாய்வு முறை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு வர வேண்டியவை.

யார் கையில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வேலை, அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் வரைந்து பார்ப்பது. 73-ஆவது, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு, ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பதினொன்றாம் அட்டவணையில் 29 பொருள்களும், நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட சுகாதாரமும் துப்புரவும் ஊராட்சிக்குரிய 29-இல் ஒன்று. ஆனால் அட்டவணையில் இருப்பதால் மட்டுமே அதிகாரம் கைமாறிவிடவில்லை. கேரளத்தில் 1990-களின் நடுப்பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. தமிழ்நாட்டிலோ, மருத்துவ அலுவலரும் கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் இன்றும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் பணியாளர்களே. மருத்துவமனைப் பணியிலிருந்து பிரிக்கப்பட்ட தனிப் பொது சுகாதாரப் பணி அமைப்பும், 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டமும் இந்த மாநிலத்தின் பெரிய பலங்கள். அந்தப் பலத்தின் மறுபக்கமாக, சுகாதாரத் துறைக்கும் ஊராட்சிக்கும் இடையே ஒரு கோடும் விழுந்திருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவுவது, குளோரின் கலப்பது, வடிகால் தூர்வாருவது, குப்பை அள்ளுவது ஆகியவை ஊராட்சியின் வேலை. நோயாளிக்கு மருந்து, தடுப்பூசி, காய்ச்சல் கண்காணிப்பு ஆகியவை துறையின் வேலை. கொசுப்புழு ஒழிப்பில் இரண்டும் சேர்கின்றன: பணியாளர்களின் ஊதியம் ஒருபக்கம், தொழில்நுட்ப மேற்பார்வை இன்னொரு பக்கம் என்று அமைவதுண்டு. மாநகராட்சிகளில் மாநகர் நல அலுவலர் என்றொருவர் இருக்கிறார். பொது சுகாதாரத் துறைப் பணியைச் சேர்ந்த மருத்துவரான இவர், உள்ளாட்சிக்குள்ளேயே அமர்ந்து வேலை பார்ப்பவர். துறையின் மொழியும் உள்ளாட்சியின் மொழியும் தெரிந்த மனிதர் என்பதால், நகரத்தில் ஆய்வு செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவர் இவரே.

கிராமப்புறத்தில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. தொட்டி, தெருக்குழாய், தூய்மைக் காவலர் போன்ற கிராம ஊராட்சி விவகாரம் எதுவானாலும் பார்க்க வேண்டியவர் இரண்டாமவர். மாவட்ட அளவில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) இருக்கிறார். சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். கிராம ஊராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது பாதி வேலையே. துணைத் தலைவர் தேநீர் கொடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள்.

நாட்காட்டியை முன்னால் வைத்துத் திட்டமிடுங்கள்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது: ஜனவரி 26, உலக தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1. இவற்றுள் ஆய்வாளருக்கு மிக முக்கியமானது அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பணி அந்த நாளையொட்டித் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதத்தில் தொடங்கி, டெங்குக் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கூடவே கொண்டுவருகிறது. ஆகவே, கோடையில் களப்பணி, ஜூலையில் பகுப்பாய்வு, செப்டம்பர் நடுவில் தமிழில் சுருக்கமான அறிக்கை என்று திட்டமிடும் மையத்தின் ஆய்வு, மழைக்கால ஏற்பாடுகளுக்கும் உதவும், அடுத்த ஆண்டுத் திட்டத்திலும் ஏறும். அதே ஆய்வு டிசம்பரில் வந்தால், எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், பணம் ஒதுக்கி முடித்த பிறகு வந்த ஆலோசனையாகிவிடும்.

நகர உள்ளாட்சிகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வரவுசெலவுத் திட்டக் காலம். வார்டு குழுவும் பகுதி சபையும் அங்கே பேசுவதற்கு உரிய இடங்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் வாரங்களில் எந்தத் தீர்மானத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டி முடிவுகளை வெளியிடுவதும் முறையாகாது. பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சிகளில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் நிலை. தனி அலுவலரின் கையெழுத்து விரைவாகக் கிடைக்கலாம். ஆனால் மக்கள் முன் வைக்கப்படாத முடிவு, அவர் மாறியதும் கோப்பிலேயே தங்கிவிடும் என்பதால், அப்போதும் கிராம சபையில் பேசுவதை விட்டுவிடக் கூடாது.

பணத்தின் வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு, குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டுமே செலவிட வேண்டிய நிதி. அதில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கு. மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்பது அந்தக் காலத்துக்கான பரிந்துரை. அதே நிதிக்குழு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று மட்டும் நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. வட்டாரப் பொது சுகாதார அலகுகளும் நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் இந்தத் தலைப்பில் வருபவை. 'குடிநீர்த் தரத்தை மேம்படுத்த வேண்டும்' என்று பரிந்துரைப்பதற்கும், 'இந்தச் செலவை நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதியிலிருந்து செய்யலாம்' என்று எழுதுவதற்கும் இடையே இருக்கும் தூரம்தான், அறிக்கைக்கும் தீர்மானத்துக்கும் இடையே உள்ள தூரம்.

கேள்வியைச் சிறியதாக்குங்கள்

'ஊரகக் குடிநீரின் தரமும் நோய்ச்சுமையும்' என்பது ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு. ஊராட்சிச் செயலருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. 'எங்கள் ஊரில் கடைசித் தெருவுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன்?' என்பது அவர் நாளையே ஏதாவது செய்யக்கூடிய கேள்வி. இதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012)-இன்படி, வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். அதை அளக்கக் களத்தில் குளோரோஸ்கோப் பயன்படுகிறது. குழாய் நீரைச் சிறு கண்ணாடிக் குழலில் பிடித்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் தோன்றும்; அதைப் பக்கத்திலுள்ள நிற அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். பிற பொருள்களோடு சேராத தனிக்குளோரினின் அளவைத் தெரிந்துகொள்ள, சொட்டுவிட்ட சில நொடிகளுக்குள், பத்து நொடி தாண்டும் முன், நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். பேச்சுக்கொடுத்துக்கொண்டே நின்றுவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பிற பொருள்களோடு சேர்ந்திருக்கும் குளோரினும் நிறம் காட்டத் தொடங்கி, உண்மையில் இல்லாத பாதுகாப்பு இருப்பதாகத் தாளில் பதிவாகிவிடும். களப்பணியாளர்களுக்கு இந்த ஒரு செயலைக் கையில் பிடித்துச் சொல்லிக்கொடுக்க அரைநாள் ஒதுக்குவது, பிறகு செய்யும் எந்தப் புள்ளியியல் திருத்தத்தையும்விட மேலானது.

அளக்கும் இடங்களைத் தேர்வதில் கவனம் வேண்டும். தொட்டியடிக் குழாய், நடுத்தெருக் குழாய், குழாய்த் தொடரின் கடைசி வீடு என்று மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும். கடைசி வீடுகள் பல ஊர்களில் பட்டியல் சாதியினர் வாழும் காலனியில் இருக்கின்றன. சில ஊர்களில் காலனிக்குத் தொட்டியே தனி. எல்லா அளவுகளையும் கூட்டி ஊருக்கு ஒரு சராசரி என்று எழுதினால், குளோரினே போய்ச் சேராத தெரு அந்தச் சராசரிக்குள் காணாமல் போகும். தெருவாரியாகத்தான் முடிவை எழுத வேண்டும் என்பதில் நான் சமரசத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

அளவு குறைந்திருந்தால் காரணத்தையும் தேட வேண்டும். டேங்க் ஆபரேட்டரோடு நடந்து போய் மோட்டார் அறையைப் பாருங்கள். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் ஈரக்காற்றும் வெப்பமும் படக் கிடந்தால் அது வேகமாகக் குறைந்துவிடும். பவுடரை நேரடியாகத் தொட்டியில் கொட்டுகிறாரா, வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றுகிறாரா, குளோரின் வேலை செய்ய ஒரு மணி நேரமாவது விட்டு வால்வைத் திறக்கிறாரா, விடிகாலையில் தண்ணீர் விட வேண்டிய நெருக்கடியில் அது அவரால் முடிகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் குறை அந்த மனிதரிடம் இருக்காது. மூட்டை வாங்கிய தேதியிலோ, வால்வு திறக்கும் நேரத்திலோ இருக்கும். இந்தப் பேச்சிலிருந்துதான் செலவு குறைந்த பரிந்துரை பிறக்கிறது: மூடியுள்ள டிரம், கொள்முதல் தேதி எழுதிய சீட்டு, நீர் ஏற்றும் நேரத்தில் சிறு மாற்றம்.

ஏற்கெனவே இருக்கும் தரவைப் படித்துவிட்டுப் புதிய தரவைத் தேடுங்கள்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) மாவட்ட அளவு வரை மதிப்பீடு தருகிறது. அதற்குக் கீழே இறங்காது. மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை வகுக்கும் எண்ணாக வைத்தால், நகரத்தை ஒட்டி வேகமாக வளர்ந்த ஊராட்சிகளில் நோய் விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும் குடும்பக் கணக்கு பல நேரங்களில் அதைவிட நம்பகமானது. கர்ப்பிணிகளைப் பற்றிய தரவுக்கு, அவர்களைப் பதிந்து எண் கொடுக்கும் மாநிலத்தின் இணையப் பதிவான பிக்மி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவோடு அந்த எண் இணைக்கப்பட்டிருப்பதால், தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் ஓரளவு அதில் வந்துவிடுகிறார்கள்.

தொற்றுநோய்க் கண்காணிப்புத் தளத்தில் மூன்று வகைப் படிவங்கள் உண்டு: களப்பணியாளர் அறிகுறியை வைத்து நிரப்புவது, மருத்துவர் தம் கணிப்பின்படி நிரப்புவது, ஆய்வகம் உறுதிசெய்து நிரப்புவது. மூன்றையும் ஒரே எண்ணிக்கையாகக் கூட்டிவிடக் கூடாது. காய்ச்சல் வந்ததும் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புபவர்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை என்பதையும் அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

கொசு தொடர்பான ஆய்வுக்குச் சேருபவர்கள் மூன்று குறியீடுகளைப் பிழையின்றிக் கணக்கிடப் பழக வேண்டும். 100 வீடுகளைப் பார்த்து, அவற்றில் 10 வீடுகளில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 10. அந்த வீடுகளில் தண்ணீர் உள்ள 300 கலன்களைச் சோதித்து 15-இல் புழு இருந்தால் கலன் குறியீடு 5. நூறு வீட்டுக்கு எத்தனை புழுக்கலன்கள் என்ற கணக்கில் பிரேட்டோ குறியீடு 15. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை அதே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. முட்டைகள் காய்ந்த கலனில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மழை நீர் பட்டதும் பொரிக்கும் என்பதால், கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குறியீட்டோடு எந்த வகைக் கலன் என்பதையும் எழுதுங்கள். சிமென்ட் தொட்டியா, பழைய டயரா, பயன்படுத்தாத ஆட்டுக்கல்லா, ஃபிரிட்ஜின் பின்தட்டா என்பதைப் பொறுத்தே அபேட் என்ற புழுக்கொல்லியை ஊற்றுவதா, குப்பை வண்டியை அனுப்புவதா என்ற முடிவு அமையும்.

அனுமதியும் அறமும்

மக்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதற்கு அடிப்படை. உள்ளாட்சியே கேட்டுக்கொண்ட ஆய்வு என்பதால் விலக்கு உண்டு என்று தாமாக முடிவு செய்துவிடக் கூடாது. விலக்கு அளிப்பதும் அந்தக் குழுவின் வேலையே. ஒப்புதல் படிவம் பேசும் தமிழில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். அந்தச் சாட்சி வார்டு உறுப்பினராகவோ செவிலியராகவோ இருந்தால், மறுக்கும் உரிமை பேச்சளவில் மட்டுமே மிஞ்சும். ஏழு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களிடம், பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களுடைய இசைவையும் கேட்க வேண்டும்.

சிறிய ஊரில் பெயரை நீக்குவது மட்டும் அடையாளத்தை மறைக்காது. 'மேலத்தெரு, 34 வயதுப் பெண், காசநோய்' என்று எழுதினால் ஊருக்கே தெரியும். எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள இடங்களில் தெருவையோ வயதையோ தொகுத்துக் காட்டுங்கள். எச்.ஐ.வி. தொடர்பான தகவலுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இரகசியக் காப்பை வலியுறுத்துகிறது.

அலுவலகக் கடிதம் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான வடிவில் தமிழில் இருக்க வேண்டும். பொது சுகாதாரத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தனித்தனிக் கடிதம். ஒன்றில் மற்றதன் நகலைக் குறிப்பிடுங்கள். கடிதம் கொடுத்த அன்றே, அலுவலகம் அந்தக் கோப்புக்கு இடும் ந.க. எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை போகும்போது பேச்சு முதலிலிருந்து தொடங்கும். புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவதானால் மூன்று செய்திகளை எழுத்தில் தெளிவாக்கிவிட வேண்டும்: தரவு யாரிடம் இருக்கும், முடிவை வெளியிடும் உரிமை யாருக்கு, வெளியிடும் முன் உள்ளாட்சி படித்துக் கருத்துச் சொல்ல எத்தனை நாள். கருத்துச் சொல்லும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு. தடுக்கும் உரிமையை எந்தப் பல்கலைக்கழக மையமும் உள்ளாட்சிக்குக் கொடுத்துவிடக் கூடாது.

முடிவைத் திரும்பக் கொண்டுபோவது

முடிவு யாருக்குச் சங்கடம் தருமோ, அவருக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும். கிராம சபையில் திடீரென்று 'கடைசித் தெருக் குழாய்களில் குளோரின் இல்லை' என்று படித்தால், தலைவர் அதை மறுப்பதற்கே தம் நேரத்தைச் செலவிடுவார். ஒரு வாரம் முன்பே செயலரையும் தலைவரையும் ஆபரேட்டரையும் உட்கார வைத்து, தெருவாரியான அளவுகளைக் காட்டி, 'அண்ணே, இதுல எதாவது தப்பா இருந்தா சொல்லுங்க' என்று ஆபரேட்டரிடம் கேட்டால், இரண்டு நன்மைகள் உண்டு. உண்மையிலேயே பிழை இருந்தால் திருத்தலாம். இல்லாவிட்டால், சபையில் தீர்வைச் சொல்பவர் தலைவராகவே இருப்பார். அந்தப் பெருமையை மகிழ்ச்சியோடு அவருக்கே விட்டுவிடுங்கள். எண்ணை மட்டும் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அறிக்கை தமிழில் இரண்டு பக்கம். முதல் பத்தியில் கண்டறிந்தது. அடுத்து ஊரின் கைவரை வரைபடத்தில் நிறமிட்ட தெருக்கள். அதற்குப் பிறகு என்ன செய்யலாம், எவ்வளவு செலவு, எந்த நிதித் தலைப்பு, யார் பொறுப்பு. முறையியல் பின்னிணைப்பில் இருந்தால் போதும். ஆங்கில ஆய்விதழுக்கு எழுதும் கட்டுரை இதற்குப் பிறகு வரட்டும். முனைவர் பட்டத்துக்கு அது தேவை என்பது உண்மையே; ஆனால் நேரம் கொடுத்த மக்களுக்கு முதலில் பதில் போய்ச் சேர வேண்டும்.

இப்படி ஒரே நிலப்பரப்பில் நீண்ட காலம் நிலைத்து நிற்கும் மையங்கள் நம்மிடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக சுகாதார, சமூகப் பணிப் பிரிவான ருஹ்சா 1977 முதல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில், சுகாதாரத்தோடு வாழ்வாதாரத்தையும் சேர்த்துப் பணியாற்றிவருகிறது. புதிதாகச் சேர்பவர்கள் அத்தகைய இடமொன்றுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மூன்றாண்டுத் திட்டத்தில் பணிபுரியும் நமக்கு, ஊர் ஆய்வாளரை எப்போது நம்பத் தொடங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

தீர்மானத்துக்குப் பிறகு

கிராம சபை தீர்மானம் நிறைவேற்றியதும் அதன் எண்ணையும் நகலையும் கேட்டு வாங்கி மையத்தின் கோப்பில் வையுங்கள். செயலர் மாறுவார், வட்டார வளர்ச்சி அலுவலர் மாறுவார், திட்ட உதவியாளரான நீங்களும் மாறுவீர்கள். அடுத்து வருபவர் பற்றிக்கொள்ள அந்த எண் ஒன்றே இருக்கும். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் கொடுத்தால், சுகாதார ஆய்வாளர் தம் வழக்கமான குளோரின் சோதனையில் அந்தத் தெருக்களைச் சேர்த்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்து, முதலில் அளந்த அதே குழாய்களில், அதே நேரத்தில், அதே கருவியால் மீண்டும் அளக்க வேண்டும். இதற்கான நாட்களையும் பயணச் செலவையும் ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே சேர்த்துவிடுங்கள், ஏனெனில் திட்டம் முடியும் தறுவாயில் அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கிடைக்காது. மறு அளவீட்டில் மாற்றம் இல்லையென்றால் அதையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அடுத்த கிராம சபைக்கு முன்பாகச் செயலரிடம் கொடுத்து, ந.க. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.